பில்லில் 0டபிள்யூ-20, எஞ்சினில் 20/50: போனது 5,950 ரூபாய்

கொதிப்பு அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். வேலூரில், வீட்டுக்கே வந்து காரை எடுத்துப்போய் சர்வீஸ் செய்து திருப்பிக் கொண்டுவந்து விடும் ஒரு ஆப்பில் புக் செய்தேன். பில் 5,950 ரூபாய். அதில் பெரிய தொகை ஃபுல் சிந்தெடிக் 0டபிள்யூ-20 ஆயிலுக்கு. என் காரின் கையேடு கேட்பது இந்த மெல்லிய ஆயிலைத்தான். ஆயில் ஊற்றும் மூடியிலேயே அந்த எண் பொறித்திருக்கிறது.

காரை எடுக்க வந்தவர் அந்த மூடியை அவராகவே துடைத்துக் காட்டி, "இதேதான் சார் போடுவோம், சீல் டப்பாதான் உடைப்போம்" என்றார். கொஞ்ச நேரத்தில் புத்தம்புது டப்பாவின் படம் ஆப்பில் வந்தது. இதைவிட என்ன வேண்டும்? பணம் கட்டினேன்.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் வால்வு பக்கம் டகடகவென்று சத்தம். பானெட்டைத் திறந்தால், அடுத்த சர்வீஸ் கிலோமீட்டர் எழுதித் தொங்கவிடும் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவில், எண்ணெய்க் கறையோடு, "ஆயில் 20/50". அதைவிட ரொம்பக் கெட்டியான வேறு ஆயில். வேலை செய்த பையன் உள்ளதை எழுதிவிட்டான், பாவம்.

போன் போட்டேன். "பையன் தப்பா எழுதிட்டான் சார், ஊத்துனது 0டபிள்யூ-20தான்." சாயங்காலம் இன்னொருவர்: "நம்ம ஊர் வெயிலுக்கு 20/50தான் சார் நல்லது, உங்க நல்லதுக்குத்தான் போட்டோம்." ஊற்றவே இல்லையா, என் நல்லதுக்கு ஊற்றினீர்களா? ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள். அதற்கப்புறம் போனே எடுக்கவில்லை. ஆப்பில் என் புகார் மட்டும் "தீர்க்கப்பட்டது" என்று மூடிக்கிடக்கிறது.

அந்த வெயில் கதையை நம்பாதீர்கள். கத்திரி வெயிலானாலும் ஊட்டிக் குளிரானாலும், ஓடும் எஞ்சினின் சூட்டைத் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருக்கும். பின்னால் வரும் 20, 50 என்ற எண்கள் 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. அங்கேயே 50 ஏறத்தாழ இருமடங்கு கெட்டி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் வித்தியாசம் இன்னும் அதிகம். மெல்லிய ஆயிலுக்கென்று வடிவமைத்த எஞ்சினில் கெட்டி ஆயில் மேலே ஏறவே நேரமாகும், மைலேஜும் குறையும். ஒரு தடவை ஊற்றியதில் எஞ்சின் செத்துவிடாது, சரி. ஆனால் 0டபிள்யூ-20க்கு அல்லவா காசு வாங்கினாய்?

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன், எனக்குக் காட்டுவதற்காகவே, எஞ்சின் சூடாகும் முன், ஆயிலை வடிக்க அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினார். வெல்லப்பாகு மாதிரி இறங்கியது. புது ஆயில், ஃபில்டர் செலவு தனி. அந்த 5,950 ரூபாய் போனது போனதுதான்.

எந்த வண்டிக்கு எந்த ஆயில் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. கையேட்டில் உள்ள எண்ணை மட்டும் போடச் சொல்லுங்கள். பழைய அம்பாசடருக்குப் போட்டதை உங்கள் வண்டிக்குச் சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். சீலை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். பேரலிலிருந்து அளந்து ஊற்றும் ஆயில் வேண்டவே வேண்டாம். அட்டையைப் படம் எடுத்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பில்லையும் அட்டையையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். 5,950 ரூபாயும் திரும்ப வரும்வரை விடப்போவதில்லை.