எல்பிஏ இணையச் சேவை: படிவம் சுலபம், ஒரு கட்டத்தில் மட்டும் கவனம்

பக்கவாதமோ மறதிநோயோ வந்து சுயமாக முடிவெடுக்க முடியாமல் போனால் யார் பார்த்துக்கொள்வது? அதை முன்கூட்டியே எழுதி வைப்பதற்கு சிங்கப்பூரில் இருப்பது எல்பிஏ, அதாவது நீண்டகால அதிகாரப் பத்திரம். 2022 நவம்பரில் பொதுக் காப்பாளர் அலுவலகம் இதை இணையத்துக்குக் கொண்டுவந்தது. 21 வயது நிரம்பியவர்கள் செய்யலாம்.

படிவம் 1-ஐ நிரப்புவதில் பெரிய சிரமம் இல்லை. சிங்பாஸில் (அரசாங்க மின்னடையாளக் கணக்கு) நுழைந்து, உங்களுக்காக முடிவெடுக்கும் பொறுப்பாளர்களாக இரண்டு பேர் வரை நியமிக்கலாம், கூடவே மாற்றாள் ஒருவர். அவர்கள் தங்கள் சிங்பாஸில் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் சான்றளிக்கும் டாக்டரிடமோ வழக்கறிஞரிடமோ போக வேண்டும். அவர் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும், போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். அப்பா கைப்பேசியில் சிங்பாஸ் திறக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது. கையொப்பமே அதில்தான், கிளினிக்கில் உட்கார்ந்து கடவுச்சொல்லைத் தேடினால் அன்றைய வேலை கெட்டது. தமிழ் பேசும் டாக்டர் கிடைத்தால் மிக நல்லது. பிள்ளையே மொழிபெயர்த்தால், யாருடைய வற்புறுத்தலும் இல்லையென்று டாக்டர் சோதிப்பதில் என்ன பொருள்? சமர்ப்பித்த பின் ஆட்சேபத்துக்காக மூன்று வாரக் காத்திருப்பு, பிறகு பதிவு.

கவனம் தேவைப்படும் கட்டம் இதுதான்: இருவரை நியமித்தால் 'இருவரும் சேர்ந்து' செயல்படுவதா, 'சேர்ந்தோ தனியாகவோ' செயல்படுவதா? சண்டை வராது என்று நினைத்து முதலாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அதன்படி வங்கியில் ஒவ்வொரு முறையும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களில் ஒருவர் இறந்துவிட்டால், மாற்றாள் இல்லாத பட்சத்தில் மற்றவரின் அதிகாரமும் போய்விடும். பிறகு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியதுதான், செலவும் மாதக்கணக்கான அலைச்சலும் வேறு. மணவிலக்கு ஆனால், பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, துணைவரின் நியமனம் ரத்தாகும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

பத்திரம் பதிவானதுமே பொறுப்பாளர் பணத்தைத் தொட்டுவிட முடியாது. மனத்திறன் போய்விட்டது என்று டாக்டர் அறிக்கை வந்த பிறகே அதிகாரம் செல்லும். அப்போதும் உயில் எழுதவோ மசேநிதி (மத்திய சேம நிதி) நியமனத்தை மாற்றவோ முடியாது. உயிர்காக்கும் சிகிச்சை பற்றி முடிவெடுக்கவும் முடியாது. அந்தக் கடைசி விஷயத்துக்கு முன்கூட்டிய மருத்துவ உத்தரவு என்று தனிப் பத்திரம் இருக்கிறது, இரண்டு சாட்சிகளில் ஒருவர் டாக்டர்.

தமிழ்நாட்டில் வீடோ நிலமோ வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அங்குள்ள சொத்துக்கு இந்தப் பத்திரத்தை நம்ப வேண்டாம். அங்கே எழுதிக்கொடுத்த பவர் பத்திரமும் கைகொடுக்காது: கொடுத்தவருக்குச் சித்தசுவாதீனம் போனால் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவுப்படி அது முடிந்துவிடும். சிங்பாஸ் இல்லாத ஊர் உறவினரை நியமிக்க நினைத்தால் இந்த இணைய வழி உதவாது, அலுவலகத்திடம் முதலில் கேளுங்கள்.

ஐந்துக்கு நான்கு. தளம் சொல்லாத சிக்கல்களுக்காக ஒரு மதிப்பெண் குறைத்தாயிற்று.