மாமர நிழலுக்கு மஞ்சளா, சேனையா, அழகுச் செடியா?

சேலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மல்கோவா மரம் நிற்கிறது. வயது இருபதைத் தாண்டிவிட்டது. உச்சி வேளையிலும் அதன் அடியில் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் விழும். அந்த இடத்தைச் சும்மா விட மனம் வராமல், ஆறு வருடங்களில் மூன்று விதமாக நட்டுப் பார்த்துவிட்டேன். கடைசியில் மஞ்சளோடு நின்றுவிட்டேன். மற்றவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

புல்தரை ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். அடர்ந்த நிழலில் புல் வெளுத்து, திட்டுத் திட்டாகச் சாகும். இஞ்சியும் நிழலில் வரும்தான், ஆனால் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். மிளகு ஒரே ஒரு கொடி மரத்தில் ஏற்றியிருக்கிறேன். அதை வைத்து நல்லது கெட்டது சொல்வது சரியாகாது.

முதலில் வைத்தவை அழகுச் செடிகள். ஃபெர்ன், சிங்கோனியம், ரியோ. ஆறே மாதத்தில் மண் தெரியாமல் மூடிக்கொண்டன. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். பிரச்சினை மார்கழியில் ஆரம்பித்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஃபெர்ன் தலை தொங்கிவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விட வேண்டியிருந்தது.

நான் முடிவெடுத்தது இந்தத் தண்ணீரை வைத்துத்தான், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பூ எடுப்பதற்கு முன் மாமரத்துக்கு ஓய்வு வேண்டும். மழை நின்று மண் காய்ந்து, இரவுக் குளிரும் சேர்ந்தால் நுனிக் கிளைகளில் பூங்கொத்து வரும். அந்த நேரத்தில் வேரடியில் ஈரம் இருந்துகொண்டே இருந்தால் மரம் தளிர்விடப் போய்விடும். எங்கள் மரம் அப்படித்தான் செய்தது. தை மாதம் மரம் முழுக்கச் செம்பழுப்புத் தளிர், பூ மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும். மல்கோவா ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் குறைகிற ரகம்தான். அதனால் பழியை முழுக்கத் தண்ணீர் மேல் போட மாட்டேன். ஆனால் அடுத்த வருடமும் அதே கதை நடந்ததும் செடிகளைப் பிடுங்கித் தொட்டிக்கு மாற்றிவிட்டேன்.

அப்புறம் சேனைக்கிழங்கு. சித்திரையில் நட்டால் தையில் தண்டு பழுத்துச் சாய்ந்துவிடும். தண்ணீர்க் கணக்கில் இது மாமரத்தோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. வெட்டியெடுத்த கிழங்கு மாதக்கணக்கில் கெடாமலும் இருக்கும். இதில் எனக்குப் பிடிக்காதது குழிதான். ஒன்றரை அடி ஆழம் தோண்ட வேண்டும். மரம் சத்தை உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் ஓடுகிறது. நாலு குழி வெட்டியதில் விரல் பருமனுள்ள வேர்கள் எத்தனையோ அறுந்தன. மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

மஞ்சளுக்கு அந்த ஆழம் தேவையில்லை. தூரிலிருந்து ஐந்தடி தள்ளி, தொழு உரம் கலந்த மண்ணை அரை அடி உயரத்துக்கு மேடாகக் கட்டி, விதைக் கிழங்கை இரண்டு விரற்கடை ஆழத்தில் புதைத்தால் போதும். மண்ணைத் தூரில் மட்டும் அணைக்காதீர்கள், பட்டை அழுகும். நான் நடுவது வைகாசியில். ஆனியில் மாங்காய் பறிக்க ஏணி போடும்போது முளைகள் மிதிபடும் என்பதால், நடுவில் ஒரு நடைபாதை விட்டிருக்கிறேன். உதிர்கிற மாவிலைதான் மூடாக்கு. புல்தரையில் தொல்லையாக இருக்கும் அதே இலை இங்கே ஈரத்தைக் காக்கிறது, களையையும் அடக்குகிறது. கார்த்திகையோடு தண்ணீரை நிறுத்திவிடுகிறேன், மழை ஈரமே மிச்ச நாளுக்குப் போதும். பொங்கல் பானையில் கட்ட இலையோடு நாலு கொத்து பிடுங்குவோம். மற்றதை மாசியில் இலை காய்ந்தபின் கைக்கொத்தால் மெல்லக் கிளறி எடுப்போம். மாம்பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்து மரத்துக்குத் தண்ணீர் தேவைப்படும் காலத்தில் பாத்தி காலியாகிவிடும்.

விளைச்சல் ஈரோட்டு வயல் மாதிரி இருக்காது. போன முறை இரண்டு கிலோ விதைக்கு ஒன்பது கிலோ பச்சை மஞ்சள் கிடைத்தது. அதுவும் தாழ்ந்த கிளைகளைக் கவாத்து செய்து வெளிச்சம் விட்ட பக்கத்தில்தான் கிழங்கு தடித்திருந்தது. வடக்குப் பக்கம் விரல் விரலாகத்தான் இருந்தது. வீட்டுச் சமையலுக்கும் குளிக்கும் மஞ்சளுக்கும் அதுவே தாராளம்.

சேனையையும் நான் முழுக்கக் கைவிடவில்லை. இந்தச் சித்திரையில் மரத்தின் கிளைகள் பரவி முடியும் இடத்துக்கு வெளியே, மதிலோரம் இரண்டு குழி எடுத்திருக்கிறேன்.