பூட்-ரிப்பேர்: பெரிய பொத்தானைவிட அறிக்கைதான் உசத்தி

ஒரே கணினியில் விண்டோஸும், லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவும் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்திருக்கும். விண்டோஸை மறுபடி நிறுவினால், எதைத் திறக்கட்டும் என்று கேட்கும் க்ரப் மெனு காணாமல் போகும். கணினி நேராக விண்டோஸுக்குள் நுழைந்துவிடும். அதைச் சரிசெய்ய உதவும் இலவச மென்பொருள்தான் பூட்-ரிப்பேர். மதுரை சிம்மக்கல்லில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் எனக்கு இரண்டும் வேண்டும். பழைய வாடிக்கையாளர்களின் பேஜ்மேக்கர் கோப்புகள் விண்டோஸில், மற்றதெல்லாம் உபுண்டுவில்.

விண்டோஸ் நிறுவ வந்த தம்பி, "அந்த உபுண்டு எதற்கு அண்ணே, அழித்துவிட்டால் இடமாவது மிச்சமாகும்" என்றார். கணினிக்கு எது வந்தாலும் 'பார்மட்' என்பது இங்கே கைவைத்தியம் மாதிரி. நான் சம்மதிக்கவில்லை.

முதலில், கணினியைத் தொடக்கும் அடிப்படை அமைப்பான பயாஸில், எதை முதலில் திறப்பது என்று சொல்லும் பூட் பட்டியலைப் பார்த்தேன். பெரும்பாலும் உபுண்டுவின் பெயர் அங்கே இரண்டாவதாக இருக்கும். மேலே ஏற்றினாலே போதும், எந்த மென்பொருளும் தேவையில்லை. என் கணினியில் பெயரே இல்லை. எனவே உபுண்டு பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, கைப்பேசி இணையத்தை இணைத்து, பூட்-ரிப்பேரை நிறுவினேன். இணையம் இல்லாமல் இது நடக்காது. பென் டிரைவையும் யூஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறையிலேயே தொடங்க வேண்டும். பழைய முறையில் தொடங்கிவிட்டுப் புலம்புகிறவர்கள் ஏராளம்.

திறந்ததும் சின்ன ஜன்னல், அதில் இரண்டு பெரிய பொத்தான்கள். எல்லோரும் மேலே உள்ள 'ரெகமண்டட் ரிப்பேர்' பொத்தானைத்தான் அழுத்துகிறார்கள். நான் முதலில் கீழே உள்ள அறிக்கைப் பொத்தானை அழுத்தினேன். எந்தப் பகுதியில் எந்த இயங்குதளம் இருக்கிறது, தொடக்கக் கோப்புகளை வைக்கும் இஎஃப்ஐ பகுதிக்குள் என்னென்ன கோப்புகள் என்று வரிவரியாக வந்தது. அங்கே மைக்ரோசாஃப்ட் கோப்புறை மட்டும் இருந்தது, உபுண்டுவினுடையது இல்லை. ஆனால் உபுண்டு தன் இடத்தில் பத்திரமாக இருந்தது. நோய் எதுவென்று தெரிந்த பிறகு பெரிய பொத்தானை அழுத்துவதில் பயமில்லை. பாதியில் நின்று, சில நீளமான கட்டளைகளை முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சிடும் ஜன்னலில், ஒட்டச் சொல்லும். புதியவர்கள் மிரண்டுபோவது இங்கேதான். ஒட்டினேன், கணினியை மறுபடி தொடங்கினேன், மெனு வந்தது. மேம்பட்ட தேர்வுகளில் விண்டோஸின் இஎஃப்ஐ கோப்புகளைப் பெயர் மாற்றும் கட்டம் ஒன்று உண்டு. கட்டாயம் வந்தாலொழிய அதைத் தொடாதீர்கள்.

இது எல்லாவற்றையும் சரிசெய்யாது. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் புதுப்பிப்பு பலருடைய லினக்ஸைத் தொடங்கவிடாமல் செய்தது. இரட்டை இயங்குதளக் கணினிகளைத் தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்த புதுப்பிப்பு அது! ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்திருந்த நேரத்தில், எஸ்பேட் (பாதுகாப்புக் குறையுள்ள பழைய தொடக்க நிரல்களைத் தடுக்கும் ஏற்பாடு) தரவு சரிபார்ப்பு தோற்றது என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு என் கணினியும் அணைந்தது. இங்கே கெட்டுப்போனது க்ரப் அல்ல, நம்பகமான நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அதை ஏற்க மறுக்கிறது. க்ரப்பை மறுபடி நிறுவும் கருவிக்கு இதில் வேலையில்லை. செக்யூர் பூட்டை அணைத்து, உபுண்டுவுக்குள் போய், 'மோக்யூட்டில்' (mokutil) என்ற கட்டளையால் எஸ்பேட் கொள்கையை நீக்கி, செக்யூர் பூட்டைத் திரும்பப் போட்டேன். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் வைத்திருப்பவர்கள் செக்யூர் பூட்டில் கைவைக்கும் முன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உபுண்டு திரும்பி வரும், விண்டோஸ் பூட்டிக்கொள்ளும்.

அறிக்கைக்காக மட்டுமே ஐந்துக்கு நான்கு தரலாம். ஒன்றைக் குறைத்தது அந்த முனையக் கட்டளைகளுக்காக; பொத்தான் வைத்த பிறகு அவற்றை நம் தலையில் கட்டுவது நியாயமில்லை.