வலப்பக்கம் வந்தது ஸ்டியரிங் சக்கரம் மட்டும்தான்: 7 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய் போயிற்று

இடப்பக்க ஸ்டியரிங் உள்ள காரை வலப்பக்கத்துக்கு மாற்றித் தருவதாகச் சொல்லும் கராஜ் எதற்காவது கொழும்பில் பணம் கொடுக்க எண்ணியிருப்பவர்கள், கொடுப்பதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். எனக்கு 7 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய் போய்விட்டது. இந்த வேலையைச் செய்விக்கும்போது எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதை இறுதியில் விரிவாகவே எழுதுகிறேன்.

கார், என் மாமனார் விட்டுச்சென்ற 1982ஆம் ஆண்டு பென்ஸ் 240டி. வெளிநாட்டுத் தூதரகம் ஒன்று விற்றபோது அவர் வாங்கியது. பின்புறத்தில் 'லெஃப்ட் ஹேண்ட் ட்ரைவ்' என்று சிவப்பு எழுத்தில் எழுதியபடியே இத்தனை காலம் ஓடியது. காலி வீதியில் ஒரு பஸ்ஸின் பின்னால் அகப்பட்டுக்கொண்டால், முன்னே வழி இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். தனியாகப் போனால் வெள்ளவத்தை வரை அந்தப் பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். வாகனத் தரிப்பிடங்களில் டிக்கெட் எடுப்பதற்கு இறங்கிச் சுற்றி வர வேண்டும், அதற்குள் பின்னால் நிற்பவர் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிடுவார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு கார்களின் விலை எங்கே போனது என்பது எல்லாருக்கும் தெரியும். 2025இல் இறக்குமதி மீண்டும் திறந்தும் எங்களைப் போன்றவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. இருக்கும் காரை மாற்றிக்கொள்வதே புத்தி என்று வீட்டில் முடிவானது.

இந்தக் கார் 1976இல் வெளிவந்த டபிள்யூ123 வரிசையைச் சேர்ந்தது. அதே வரிசையில் வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட கார்கள் கொழும்பில் இன்றும் ஓடுகின்றன. ஆகவே தேவையான பாகங்கள், பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும் என்று பலரும் சொன்னார்கள். கராஜின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பழைய கார்களைப் புதுப்பித்துத் தருவதாக முகநூலில் பளபளக்கும் படங்களைப் போடும் இடம், நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. இந்த அளவு போதும்.

முதலாளி பேசிய விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகட்டின் வலப்பக்கத்தில் சோக்கட்டியால் வட்டமும் சதுரமும் வரைந்து, ஸ்டியரிங் தண்டு இறங்கும் துளை இங்கே, பிரேக் பூஸ்டர் (பெடலை மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பாகம்) இங்கே, பெடல்கள் தொங்கும் சட்டம் இங்கே என்று ஒரு ஆசிரியரைப் போல விளக்கினார். ஸ்டியரிங் பெட்டி (ஸ்டியரிங்கின் சுழற்சியை டயர்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் பற்சக்கரப் பெட்டி), அதன் கை, குறுக்குத் தண்டை எதிர்ப்பக்கத்தில் தாங்கும் ஐட்லர் ஆர்ம், அந்தக் குறுக்குத் தண்டு ஆகிய அனைத்தும் வலப்பக்கக் காரிலிருந்து கழற்றியவையாகவே இருக்க வேண்டும் என்றும், டேஷ்போர்டையும் வயர்த் தொகுதியையும் கூட வெட்டி ஒட்டாமல் முழுமையாக மாற்ற வேண்டும் என்றும் அவரே சொன்னார். பிறகு உள்ளே போய், தட்டிலிருந்து கிரீஸ் பூசிய ஒரு ஸ்டியரிங் பெட்டியை இரு கைகளாலும் தூக்கி வந்து என் முன் வைத்தார். அதன் பக்கவாட்டில் மஞ்சள் பெயின்டில் ஓர் எண் எழுதப்பட்டிருந்தது. "இது உங்களுக்காகவே எடுத்து வைத்தது, சேர். சங்கிலி போட்டு ஏமாற்றுகிற வேலை இந்தக் கராஜில் கிடையாது" என்றார். சங்கிலி என்ற சொல்லை அன்றைக்குத்தான் இந்த விடயத்தில் முதன்முதலாகக் கேட்டேன். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பிழையில்லை. எப்படிச் செய்ய வேண்டும் என்பது முழுவதும் தெரிந்த மனிதர் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். 5 இலட்சம் ரூபாயை முற்பணமாகக் கொடுத்தேன். காரைக் கையில் தந்த அன்று மீதி 2 இலட்சத்து 80 ஆயிரத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டார். பற்றுச்சீட்டில் 'கார் வேலை' என்ற இரண்டு சொற்களும் தொகையும் மட்டுமே இருந்தன.

வெளியே எடுத்தபோது பார்வைக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் பம்பலப்பிட்டியில் ஒரு திருப்பத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் ஒன்றும் நடக்கவில்லை, பிறகுதான் டயர்கள் அசைந்தன. பிரேக்கை மிதித்தபோது பெடல் மெத்தையில் கால் வைத்தது போல் அமுங்கியது. வீல் அலைன்மென்ட் செய்தால் சரியாகும் என்று வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனேன். காரை மேலே தூக்கியதும் அங்கே வேலை செய்த பையன் டோர்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "சேர், ஸ்டியரிங் பெட்டி இன்னும் இடது பக்கத்தில்தானே இருக்கிறது?" என்று கேட்டான்.

டேஷ்போர்டின் கீழ் மூடியைக் கழற்றினோம். உள்ளே, ஸ்டியரிங் தண்டின் முனையில் ஒரு பற்சக்கரம், பழைய இடத்தில் இன்னொரு பற்சக்கரம், இரண்டையும் இணைத்து டேஷ்போர்டின் அகலத்துக்குக் குறுக்கே ஓடும் ஒரு சங்கிலி. அது நடுவில் தொய்ந்து, வயர்க் கட்டு ஒன்றை உரசி அதன் மேலுறையைத் தேய்த்திருந்தது. அந்தச் சங்கிலி பல் தாண்டினாலோ அறுந்தாலோ என் கையிலிருக்கும் ஸ்டியரிங்குக்கும் டயருக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. பிரேக் பூஸ்டரும் இடப்பக்கத்திலேயே கிடந்தது. வலப்பக்கப் பெடலை மிதித்தால், தகட்டின் குறுக்கே பொருத்திய ஒரு குழாய் முறுகித் திரும்பி, அந்தப் பக்கத்துப் பூஸ்டரைத் தள்ள வேண்டும்; அவசரத்தில் அழுத்தி மிதிக்கும்போது அந்த விசையில் ஒரு பகுதி குழாயின் முறுக்கிலேயே போய்விடுகிறது. வெல்டிங் செய்த இடங்களுக்குப் பெயின்ட் கூட அடிக்கவில்லை, துரு பிடிக்கத் தொடங்கியிருந்தது. முன்விளக்குகளையும் மாற்றவில்லை. வலப்பக்கமாக ஓடும் நாடுகளுக்கென்று செய்த விளக்குகளின் ஒளி வலப்பக்கத்தில்தான் மேலெழும். நம் வீதியில் அது எதிரே வருபவரின் கண்ணுக்குள் நேராகப் போகும். 7 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது இதுதான்.

முதலாளியிடம் தொலைபேசியில் கேட்டால் முதலில், எல்லாக் காரும் ஆரம்பத்தில் அப்படித்தான், ஓட ஓடச் சரியாகும் என்றார். அடுத்து, வேலை செய்த பாஸ் (மெக்கானிக்) ஊருக்குப் போயிருக்கிறார், போயா விடுமுறை முடிந்ததும் வருவார் என்றார். அதற்குப் பிறகு நான் அனுப்பிய படங்களுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடுகள் மட்டுமே பதில். நேரில் போனேன். மஞ்சள் எண் எழுதிய அந்த ஸ்டியரிங் பெட்டி தட்டில் பழைய இடத்திலேயே இருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன். சற்றும் கூசாமல், "மோட்டார் சைக்கிளே சங்கிலியில்தானே ஓடுகிறது, சேர்" என்றார். மோட்டார் சைக்கிளின் சங்கிலி அறுந்தால் வண்டி நிற்கும், இது அறுந்தால் நான் எதிரே வரும் லொறியில் போய் நிற்பேன் என்று சொன்னேன். சிரித்தார். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பற்றுச்சீட்டில் எழுதிய வேலை முடிந்துவிட்டது என்று கையை விரித்தார். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்து ஆவண வேலைகளையும் தாமே முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதற்கு அது வேறு கணக்காம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். சேவையைப் பெற்று மூன்று மாதங்களுக்குள் அதைச் செய்ய வேண்டும், ஆகவே நாளைக் கடத்தும் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்; தொலைபேசி இலக்கம் 1977. கார் வீட்டு வாசலில் மூடிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி ஒழுங்காகச் செய்ய இன்னொருவர் கேட்கும் தொகையை எழுத எனக்குக் கை வரவில்லை.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. எந்தப் பாகம் எந்தக் காரிலிருந்து வருகிறது என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். டேஷ்போர்டைப் பொருத்துவதற்கு முன் போய்க் கண்ணால் பாருங்கள், படம் அனுப்பினால் ஏற்காதீர்கள். பொனட்டைத் திறந்தால் பூஸ்டர் இடப்பக்கத்தில் நின்றால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். காப்புறுதிக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

நான் கடைசியாகப் போனபோது அங்கே ராம்பின் மேல் சாம்பல் நிற லெஃப்ட் ஹேண்ட் ஜீப் ஒன்று நின்றது, டேஷ்போர்ட் இன்னும் மாட்டப்படவில்லை. அதன் சொந்தக்காரர் யாரோ தெரியாது. தெரிந்தவர்கள் இன்றே அவருக்குச் சொல்லுங்கள், மீதிப் பணத்தைக் கொடுத்துவிடப் போகிறார்.