செராமிக் கோட்டிங் போடக் கொடுத்த காரில் கம்பெனி பெயின்ட்டே போய்விட்டது: கோவைக்காரர்கள் கவனத்துக்கு

கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு நிறத்தில் கார் வைத்திருப்பவர்கள் பாலிஷ், செராமிக் கோட்டிங் (பெயின்ட்டின் மேல் பூசும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு) என்று எந்தக் கடைக்காவது சாவியைக் கொடுக்கும் முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். இருபத்து நான்காயிரம் ரூபாயும் அதற்கு மேல் ஜிஎஸ்டியும் போயிற்று. அந்தப் பணத்தைத் திரும்பச் சம்பாதித்துக்கொள்ளலாம். பானெட்டிலிருந்து தேய்த்து எடுத்த கிளியர் கோட் எனும் பெயின்ட்டின் மேலடுக்கை யாராலும் திரும்ப ஒட்டித் தர முடியாது. என் கோபமெல்லாம் அதில்தான்.

கார் ஐந்து வருடப் பழசு, கருநீல செடான். ஒரு பேனல்கூட வெளியில் பெயின்ட் அடித்ததில்லை. எங்கள் அப்பார்ட்மென்ட்டில் தினமும் காலையில் ஒரே துணியால் எல்லாக் கார்களையும் துடைப்பார்கள். அந்தத் தூசி உரசி, வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகச் சன்னக் கீறல்கள் தெரியும். போர் தண்ணீரின் உப்புப் புள்ளிகள் வேறு. அவற்றை எடுத்துவிட்டு நீண்ட நாள் பளபளப்பு நிற்கும்படி செய்யலாம் என்றுதான் போனேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே தேன்கூடு மாதிரி எல்இடி விளக்குகள், சுவரில் சான்றிதழ்கள் என்று கடை பார்க்க நன்றாகவே இருந்தது.

"மூணு லேயர் போடறோம்ங்க. 9 எச் கோட்டிங். சாவி வெச்சுக் கீறினாலும் ஒண்ணும் ஆகாதுங்க. அஞ்சு வருசம் வாரண்டி" என்றார் உரிமையாளர். காலையில் விட்ட காரைச் சாயங்காலமே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இந்த 9 எச் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாக் கடையிலும் இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். அது எழுதும் பென்சில் முனையின் கடினத்தன்மையைக் குறிக்கும் அளவு. பூச்சின் மேல் பல தரப் பென்சில்களைக் குறிப்பிட்ட அழுத்தத்தில் தள்ளிப் பார்த்து, எது தடம் பதிக்கிறது என்று அளக்கும் சோதனை. ஐஎஸ்ஓ 15184 என்று அதற்குத் தரநிலையே இருக்கிறது. அந்த அளவுகோலில் மேல் எல்லை 9 எச் பென்சில். அதில் தேறிய பூச்சு பென்சில் முனையைத் தாங்கும் என்பதுதான் பொருள். சாவி, மணல், பக்கத்தில் உரசும் பைக்கின் ஹேண்டில் எதையும் அது தாங்காது. நல்ல செராமிக் கோட்டிங்கே காய்ந்தபின் ஒன்று, இரண்டு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) கனம்தான் நிற்கும். பறவை எச்சம், வெயில், லேசான ரசாயனம் ஆகியவற்றுக்குக் கொஞ்சம் தடுப்பாக இருக்கும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், கழுவுவது சுலபமாகும். அந்த அளவுக்கு அது உண்மையிலேயே நல்ல பொருள், நான் மறுக்கவில்லை. அதன் பெயரைச் சொல்லி நடக்கும் வேலைதான் பிரச்சினை.

முறையாகச் செய்தால் இந்த வேலை ஒரு பகலில் முடியாது. கழுவ வேண்டும். பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத்தூளைத் தனி ரசாயனத்தால் கரைக்க வேண்டும். இரும்பு பட்ட இடத்தில் அது ஊதா நிறமாக ஒழுகும். அப்புறம் களிமண் போன்ற க்ளே பாரால் மீதி அழுக்கை எடுக்க வேண்டும். பிறகு மெஷினில் பாலிஷ் போட்டுக் கீறல்களைக் குறைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அதற்கப்புறம்தான் கோட்டிங். காயும் வரை தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் போலச் ஷாம்பு போடக் கூடாது. என் காரைக் கையில் கொடுத்தபோது இந்த எச்சரிக்கை எதையும் அவர்கள் சொல்லவில்லை. "நாளைக்கே கழுவலாம்ங்க" என்றார்கள்.

கடை விளக்குக்குக் கீழே கார் கண்ணாடியாக மின்னியது. கீறல் ஒன்றுகூட இல்லை. அந்த மினுமினுப்பு எப்படி வந்தது என்பது பின்னால்தான் விளங்கியது. கீறலைத் தேய்த்து எடுக்கும் கம்பவுண்டிலும் கிளேஸ் எனும் பாலிஷிலும் இருக்கும் எண்ணெயும் மெழுகும் கீறலுக்குள் நிரம்பி அதை மறைத்துவிடும். சில முறை கழுவியதும் நிரம்பியது கரைந்து, கீறல் அப்படியே எட்டிப் பார்க்கும். ஆல்கஹால் துடைப்பு இதற்காகத்தான்: உண்மையான பரப்பு அப்போதுதான் தெரியும். அதைச் செய்யாமல் எண்ணெய்ப் பசையின் மேல் நிஜமான செராமிக்கை ஊற்றினாலும் அது பெயின்ட்டில் சரியாகப் பிடிக்காது.

எங்கள் காரிலும் அதுதான் நடந்தது. சில வாரத்தில் பழைய கீறல்கள் திரும்பின. கூடவே புதிதாக, பானெட் முழுக்க வெயிலில் மேகம் மாதிரி அலையும் கோடுகள். இதை ஹோலோகிராம் என்கிறார்கள். ரோட்டரி மெஷினில் முரட்டு பேட் போட்டு வேகமாகத் தேய்த்துவிட்டு, அடுத்த கட்ட நைஸ் பாலிஷ் போடாமல் விட்டால் வருவது. அடுத்த மழையில் தண்ணீர் உருளவில்லை, தட்டையாகப் பரவி நின்றது.

காரை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "போர் தண்ணியில கழுவியிருப்பீங்க சார், அதுக்கு வாரண்டி வராதுங்க" என்று பதில். பாட்டிலைக் காட்டுங்கள் என்றேன். காலியானதும் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். வாரண்டி அட்டையில் பேட்ச் நம்பர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. பில்லில் "கார் டீட்டெய்லிங்" என்று ஒரே வரி. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அங்கேயே பணம் கட்டி மெயின்டெனன்ஸ் செய்தால்தான் வாரண்டி செல்லும், கீறல், உப்புக் கறை, பறவை எச்சம், நிற மங்கல் எதற்கும் பொருந்தாது என்று இருக்கிறது. இவை எல்லாவற்றையும் கழித்துவிட்டால் அந்த ஐந்து வருடத்தில் எதற்குத்தான் வாரண்டி?

பிறகு வேறொரு தம்பியிடம் காட்டினேன். இந்த வேலையை ஒற்றை ஆளாக வீட்டு ஷெட்டில் செய்கிறவர். அவர் பாலிஷைப் பற்றிப் பேசவே இல்லை. பெயின்ட் கனம் அளக்கும் சின்னக் கருவியை எடுத்து ஒவ்வொரு பேனலாக வைத்தார். கம்பெனி பெயின்ட் பொதுவாக எல்லா அடுக்கும் சேர்த்து 100 முதல் 140 மைக்ரான் வரை இருக்கும். அதில் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் கனம்கூட வராது. பளபளப்பும் வெயிலைத் தடுக்கும் சக்தியும் அதில்தான் இருக்கின்றன. என் காரின் கூரையில் 118 காட்டியது. பானெட் நடுவில் 97. பானெட்டின் மடிப்புக் கோட்டை ஒட்டி 74.

பேனலுக்குப் பேனல் கொஞ்சம் வித்தியாசம் கம்பெனியிலேயே இருக்கும், அதையும் அவரே சொன்னார். ஆனால் ஒரே பேனலில், அதுவும் மடிப்பு விளிம்பில் இப்படி இறங்குவது மெஷின் தின்ற அடையாளம். மேடான விளிம்பில் அழுத்தம் முழுவதும் ஒரே கோட்டில் விழும், சூடும் ஏறும். தெரிந்தவர்கள் அந்த இடங்களில் டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினை வைப்பார்கள். இரண்டு மாதம் கழித்து அதே கோட்டில் வெளுத்த திட்டு தெரிய ஆரம்பித்தது.

இனி பானெட்டை முழுதாக மறுபெயின்ட் அடிப்பதுதான் வழி. கம்பெனியில் வெறும் பாடியாக இருக்கும்போது சுமார் 140 டிகிரியில் சுட்ட பெயின்ட் அது. வயரும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் மாட்டிய காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. வெளியில் நல்ல பெயின்ட் பூத்திலேயே (பெயின்ட் அடித்துக் காயவைக்கும் அறை) சுமார் 60 டிகிரிதான். நாளை விற்கப் போனாலும் கருவி வைத்துப் பார்க்கிறவர் கேட்கும் முதல் கேள்வி, "பானெட் அடிச்சிருக்கா, ஆக்சிடென்ட்டா?" என்பதுதான்.

ஆகவே கடைக்குப் போனால் வேலை தொடங்கும் முன் எல்லா பேனலின் மைக்ரான் அளவையும் எழுதி வாங்குங்கள், முடிந்தபின் இன்னொரு முறை. சாதாரணக் கருவி பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது, உலோகப் பேனல்கள் போதும். கருவியே இல்லை என்கிற கடையில் காரை விடாதீர்கள். பாலிஷ் முடிந்து ஆல்கஹாலால் துடைத்தபின், கோட்டிங் போடும் முன், நேரில் போய் வெயிலில் பாருங்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம், அந்த நேரத்தில் எதையும் ஒளிக்க முடியாது. சீல் பிரிக்காத பாட்டிலை உங்கள் முன் திறக்கச் சொல்லுங்கள். பொருளின் பெயர், பேட்ச் நம்பர், எத்தனை கோட் எல்லாம் பில்லில் வர வேண்டும்.

ஷோரூமில் புது வண்டியோடு தலையில் கட்டும் "டெஃப்லான் கோட்டிங்" பற்றியும் சொல்லிவிடுகிறேன். டெஃப்லான் உருகவே 327 டிகிரி வேண்டும். தோசைக்கல்லில் அது பிடிப்பது அந்த அளவுச் சூட்டில் சுடுவதால். காரில் கையால் தேய்த்துவிட்டுப் போவது மெழுகு, பாலிமர் பாலிஷ் வேலைதான், சில மாதம் நிற்கும். அதற்குரிய விலை கொடுத்தால் போதும்.

நான் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, கடைக்கு எழுத்து மூலம் நோட்டீஸும் அனுப்பியிருக்கிறேன். கூகுள் விமர்சனத்தை நீக்கினால் பாதிப் பணம் தருகிறோம் என்றார்கள். மறுத்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை.

இதே மாதிரி பில்லும் வெற்று வாரண்டி அட்டையும் வைத்திருப்பவர்கள் தூக்கிப் போடாதீர்கள். முதலில் வேறு ஒருவரிடம் மைக்ரான் அளந்து, தேதி தெரிய போட்டோ எடுத்து வையுங்கள். "வாங்க சார், ஃப்ரீயா இன்னொரு வாட்டி பாலிஷ் போட்டுச் சரிபண்ணித் தர்றோம்" என்று கூப்பிட்டால் போக வேண்டாம். ஏற்கெனவே மெலிந்த இடத்தில் மறுபடி மெஷின் வைத்தால் அடுத்து தெரிவது நிறத்துக்கு அடியில் இருக்கும் பிரைமர்தான்.