குளிர் அறைக்கு எது துணை: டீசலா, பற்றரியா, ஐதரசனா?

வாழைச்சேனையிலோ கல்முனையிலோ மீன் வியாபாரம் செய்பவர்களுக்கு மின்சாரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது குளிர் அறைதான். மின்சாரம் நின்றால் மீன் காத்திருக்காது. ஆகவே ஐதரசனை எரிக்காமலே மின்சாரமாக மாற்றும் எரிபொருட் கலத்தைப் பற்றிப் பேசும்போது, காரையும் கப்பலையும் ஒருபுறம் வைத்துவிட்டு, அந்த அறைக்கு அது துணை நிற்குமா என்று பார்ப்பதே நமக்குப் பயன். போட்டியில் இன்னும் இருவர் இருக்கிறார்கள்: டீசல் மின்பிறப்பாக்கி, இலித்தியம் பற்றரி.

எரிபொருட் கலத்தின் உள்ளே நடப்பது அழகான வேலை. நடுவில் ஒரு மெல்லிய சவ்வு, அதன் இரு பக்கமும் பிளாட்டினம் கலந்த காபன் பூச்சு. ஒரு பக்கத்தால் நுழையும் ஐதரசன், பிளாட்டினத்தில் பட்டதும் புரோத்தனாகவும் இலத்திரனாகவும் பிரிகிறது. சவ்வு புரோத்தனுக்கு மட்டுமே வழிவிடும். இலத்திரன் வெளிக் கம்பி வழியாகச் சுற்றித்தான் மறுபக்கம் சேர வேண்டும். அந்தச் சுற்றுத்தான் நமக்குக் கிடைக்கும் மின்சாரம். மறுபக்கத்தில் புரோத்தனும் இலத்திரனும் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நீராகிவிடுகின்றன. ஒரு கலம் தருவது 0.6 முதல் 0.7 வோல்ற்று வரைதான் என்பதால் நூற்றுக்கணக்கில் அடுக்குகிறார்கள். புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. பிரித்தானிய விஞ்ஞானி வில்லியம் குரோவ் இதற்கு அடித்தளமிட்டது 1839இல். அப்பல்லோ விண்கலங்களில் சென்றவர்கள் குடித்த நீர் இத்தகைய கலங்களிலிருந்து வந்ததே.

இனி கணக்குக்கு வருவோம். கூரையில் சூரியத் தகடு இருக்கிறது, பகலில் 100 அலகு மிஞ்சுகிறது, அதை இரவுக்குச் சேமிக்க வேண்டும் என்று வையுங்கள். பற்றரியில் போட்டால் 85 முதல் 90 அலகு வரை திரும்பக் கிடைக்கும். அதே மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஐதரசன் எடுத்து, அழுத்தி அடைத்து, மீண்டும் கலத்தில் விட்டால் 30 முதல் 35 அலகுதான் மிஞ்சும். மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. அன்றாட இரவுக்கு ஐதரசன் வேண்டாம் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் மட்டக்களப்பில் மாரி என்று ஒன்று இருக்கிறது. 1978 நவம்பர் 23இல் சூறாவளி அடித்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. நீண்ட மின்தடை வரும் காலமும் வானம் மூடிக்கிடக்கும் காலமும் இங்கு ஒன்றே. நாளொன்றுக்கு 100 அலகு எடுக்கும் அறையை ஒரு வாரம் தாங்க 700 அலகு வேண்டும். அதைப் பற்றரியில் சேமித்தால் எடை மட்டும் ஏறத்தாழ 5 தொன், விலையோ எட்டாது. டீசலில் 210 லீற்றர் போதும், ஒரு பீப்பாயை விடச் சற்றே அதிகம். ஐதரசனில் 44 கிலோ. கேட்பதற்கு இது சிறிய அளவு. ஆனால் 50 லீற்றர் இரும்புச் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடங்குவது 0.7 கிலோ அளவே. அறுபதுக்கு மேற்பட்ட சிலிண்டர்களை எங்கே அடுக்குவது?

நீண்ட மின்தடைக்குப் பற்றரியை விட ஐதரசன் மேல், ஐதரசனை விட டீசல் எளிது. டீசலின் குறை வேறு இடத்தில் இருக்கிறது: 2022இல் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது டீசலுக்கும் வரிசையில்தான் நின்றோம். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன.

கடற்கரைக்கென்றே சில சிக்கல்களும் உண்டு. உப்புக் காற்றிலுள்ள குளோரைட்டு பிளாட்டினத்தின் திறனைக் குறைக்கும். வடிகட்டாத காற்றைக் கலத்துக்குள் விடக்கூடாது. ஒரு கிலோ ஐதரசன் எடுக்கக் குறைந்தது 9 லீற்றர் தண்ணீர் வேண்டும். வாவித் தண்ணீரை அப்படியே விட்டால் குளோரின் வாயு கிளம்பும். உப்பு நீக்கித் தூய்மையாக்கியே பயன்படுத்த வேண்டும். ஐதரசன் கசிந்தால் மணம் வராது, பகலில் அதன் சுடரும் கண்ணுக்கு எளிதில் தெரியாது. காற்றில் 4 வீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். மேலே எழுந்து பறந்துவிடும் வாயு என்பதால் திறந்த கொட்டகையில் ஆபத்துக் குறைவு, மூடிய கூரையின் கீழ் அதிகம்.

இன்னொன்று: உலகில் இன்று கிடைக்கும் ஐதரசனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. சிலிண்டரில் வாங்கும் ஐதரசன் தூய ஆற்றல் என்று நம்புவது வீண்.

ஆகவே குளிர் அறைக்காரருக்கு என் பரிந்துரை: அன்றாடத்துக்குச் சூரியத் தகடும் பற்றரியும், மாரிக்கு ஒரு பீப்பாய் டீசல். ஐதரசனுக்கு இந்த மண்ணில் வேறொரு அவசர வேலை காத்திருக்கிறது. படுவான்கரையிலும் அம்பாறையிலும் பெரும்போகத்துக்கு இறங்கும் 50 கிலோ யூரியா மூடை ஒவ்வொன்றையும் செய்யக் குறைந்தது 5 கிலோ ஐதரசன் செலவாகிறது. அமோனியா வழியாக வருவதால் நம் கண்ணில் படுவதில்லை. ஐதரசனில் ஓடும் டொயோட்டா மிராய் காரின் தாங்கி கொள்வது 5.6 கிலோ, அதாவது வயலில் வீசும் ஒரு மூடை, கிட்டத்தட்ட ஒரு கார்த் தாங்கி. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது நெல் விளைச்சல் எப்படி விழுந்தது என்று விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். காற்றிலும் வெயிலிலும் மிஞ்சும் மின்சாரத்தால் ஐதரசன் எடுக்க அரசு என்றாவது பணம் போடுமானால், முதல் கிலோ உரத்துக்குப் போகட்டும்.