பூட்ரோஸ் காலியோட டைரி புத்தகம்: பைண்டிங் போச்சு, விஷயம் இருக்கு

ஐநா பொதுச்செயலாளரா இருந்தாரே பூட்ரோஸ் பூட்ரோஸ் காலி, அவரு எகிப்து மந்திரியா இருந்த காலத்து டைரியிலருந்து எழுதின புத்தகம் இது. ஆன்லைன்ல பழைய காப்பி ஆர்டர் போட்டேன். "புதுசு மாதிரி"ன்னு போட்டிருந்தாங்க, பிரிச்சா முதுகு விட்டுப்போய் ஒரு கொத்து பக்கம் கையோட வருது, போதாததுக்கு யாரோ பென்சில்ல கோடு கோடா இழுத்து வெச்சிருக்காரு. வித்தவங்களுக்கு 2 ஸ்டார், புத்தகத்துக்கு 4.

1977 நவம்பர், அதுவரைக்கும் எதிரி நாடா இருந்த இஸ்ரேல்கிட்ட சமாதானம் பேச ஜெருசலேம் போறேன்னு எகிப்து அதிபர் சதாத் கிளம்புறாரு. அது பிடிக்காம வெளியுறவு மந்திரி இஸ்மாயில் ஃபஹ்மி ராஜினாமா பண்ணிடறாரு, அடுத்த ஆளு முகமது ரியாதும் அதே நாள் ராஜினாமா. கடைசில யாரு தலையில விழுதுன்னா, அதுவரைக்கும் கெய்ரோ யுனிவர்சிட்டில சர்வதேச சட்டம் நடத்திக்கிட்டிருந்த, மந்திரியாகி ஒரு மாசம்கூட ஆகாத இந்த ப்ரொஃபசர் தலையில. இறங்கினதும் கார்ல பக்கத்துல உக்காந்து வர்றது மோஷே தயான், 1967 போர்ல இஸ்ரேலோட ராணுவ மந்திரி, ஒத்தக்கண்ணுல கறுப்புத்துணி கட்டியிருப்பாரே அவரேதான். சதாத்தோட பார்லிமெண்ட் பேச்சுல பிஎல்ஓ (பாலஸ்தீன விடுதலை இயக்கம்) பேரை எடுக்க வேணாம்னு தயான் சொல்ற அந்த கார் சீனுக்கே காசு சரியாப்போச்சு.

இன்னொன்னு, காலி காப்டிக் (எகிப்தோட பழைய திருச்சபை) கிறிஸ்தவர், மனைவி யூதக் குடும்பம், தாத்தா பிரதமரா இருந்து 1910ல சுட்டுக் கொல்லப்பட்டவர். இத்தனையையும் வெச்சுக்கிட்டு அரபு நாடுகள்கிட்ட போய் இஸ்ரேலோட சமாதானத்துக்காக வாதாடணும்! 1979ல இஸ்ரேலோட சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானதும் அரபு லீக் எகிப்தை சஸ்பெண்ட் பண்ணி ஆபீசையே கெய்ரோலருந்து துனிசுக்கு தூக்கிட்டுப் போயிடுச்சு. அதே வருஷம் ஹவானா அணிசேரா மாநாட்டுல எகிப்தை வெளிய தள்ளப் பாத்தாங்க, மனுஷன் அங்கயும் போய் நின்னு வாதாடினாரு. இந்த ஏரியா நிதானமா படிக்கணும்.

அந்த 1 ஸ்டார் ஏன் போச்சுன்னா, 1978ல அமெரிக்காவுல கேம்ப் டேவிட்ல இஸ்ரேலோட 13 நாள் பேச்சுவார்த்தை, அப்ப இருந்த வெளியுறவு மந்திரி இப்ராஹிம் காமெலும் ராஜினாமா பண்ணிட்டாரு. ஒரு வருஷத்துக்குள்ள மூணு பேர் போயாச்சு, இவரு மட்டும் இருக்காரு. ஏன்? 1967 போர்ல இஸ்ரேல் பிடிச்ச சினாய் திரும்பி வரும்ங்கற நம்பிக்கைன்னா சரி, 1982ல வந்துச்சு, ஆனா பாலஸ்தீனத்துக்கு சுயாட்சின்னு பேசினது ஒண்ணும் நகரலயே. அத்தனையும் தெரிஞ்ச ஆளு ஏன் சீட்ட விடலங்கறதுக்கு அவரு சொல்ற சமாதானம் எனக்கு ஒட்டவே இல்ல. இத்தனைக்கும் முழு வெளியுறவு மந்திரி பதவி கடைசிவரைக்கும் கிடைக்கல.

அவரு ஐநால இருந்த காலத்து ருவாண்டா, போஸ்னியா, 1996 நவம்பர் 19 அன்னைக்கு 14 நாடு ஆதரிச்சும் அமெரிக்கா ஒத்த வீட்டோல ரெண்டாவது டேர்ம் போனது (1977ல இஸ்ரேல்ல இறங்கினதும் நவம்பர் 19தான், அதே தேதி) இதெல்லாம் எதிர்பாத்து வாங்காதீங்க, அது வேற புத்தகம்.

ரிட்டர்ன் போடலாம்னுதான் எடுத்து வெச்சேன். அப்பதான் பாத்தேன், காமெல் ராஜினாமா வர்ற பக்கத்து ஓரத்துல அந்த பென்சில்காரரும் ஒரு கேள்விக்குறி போட்டு வெச்சிருக்காரு. கம் வெச்சு ஒட்டி ஷெல்ஃப்ல வெச்சுட்டேன்.